கார்த்திகையில் எனக்கு என்ன ஆகிறது

நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அடிவாரத்தில் பிறந்து, அடிவாரத்துப் பள்ளிகளிலேயே பதினான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு, மாறுதலில் கொல்லிமலைக்கு வந்தவள். வந்து ஆறு வருடம் ஆகிறது. அரியூர் நாடு என்கிற ஊர்த்தொகுதியில் ஓர் ஓட்டு வீட்டில் நானும் என் கணவரும் வாடகைக்கு இருக்கிறோம். ஒரே மகள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள்.

கணவர் லாரி ஓட்டியவர். சர்க்கரை வியாதி அவர் கண்ணைப் பிடித்துக்கொண்டது. சேலத்தில் லேசர் வைத்துப் பார்த்தோம், இருக்கிற பார்வை போகாமல் நின்றதே தவிரப் போனது திரும்பவில்லை. எதிரில் வருவது மனிதர் என்று தெரியும். யார் என்று குரல் கேட்டால்தான் தெரியும். வண்டியை விற்றுவிட்டு என்னோடு மலைக்கு வந்துவிட்டார். காலையும் இரவும் சாப்பாட்டுக்கு முன்னால் அவருக்கு இன்சுலின் போட வேண்டும். ஊசிக்குழலில் இருக்கும் மெல்லிய கோடுகள் அவர் கண்ணுக்கு எட்டாது. ஆகவே மருந்தை அளந்து ஏற்றுவதும் போடுவதும் என் வேலை.

நாங்கள் மலையேறியது வைகாசியில். சோளக்காட்டுச் சந்தையில் பலாப்பழம் குவிந்து கிடந்த நேரம். அந்த முதல் மூன்று மாதமும் எனக்குக் கை நிற்கவில்லை. விடிவதற்கு முன்பே எழுந்துவிடுவேன். பள்ளிக்கூடத்தின் இரண்டு வகுப்பறைச் சுவரிலும் நானே பெயிண்ட் வாங்கி எழுத்துகளும் விலங்குகளும் வரைந்தேன். வீட்டுக்குப் பின்னால் கீரைப் பாத்தி போட்டேன். ஒரே நேரத்தில் பத்து வேலையைத் தொடங்குவேன், அதில் ஆறு வேலையாவது முடியும். தலைமையாசிரியர் என்னை மற்றவர்களிடம் காட்டி, "டீச்சர் வந்தப்புறம்தான் ஸ்கூலு ஸ்கூலாட்டம் இருக்குது" என்று சொன்னார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. மழை நின்ற நாட்களில் மூடுபனி வந்து உட்கார்ந்துகொண்டது. காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் ஒரே சாம்பல் வெளிச்சம். துவைத்த துணி நான்கு நாளானாலும் காயாது. அப்போதுதான் எனக்கு முதல் தடவை அது வந்தது.

அதை மறதி என்று சொன்னால் பாதிதான் சரி. ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே அது என் கையிலிருந்து நழுவிவிடும், நழுவியதுகூடத் தெரியாது. சுண்ணக்கட்டி எடுக்க அலுவலக அறைக்குப் போவேன். போன இடத்தில் ஜன்னல் கம்பியில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். தலைமையாசிரியர் வந்து, "வகுப்புல சத்தம் கேக்குதுங்க டீச்சர்" என்று சொன்ன பிறகுதான் எனக்கு ஒரு வகுப்பு இருப்பதே நினைவுக்கு வரும். மூன்றாம் வகுப்பு மதிப்பெண்களை நான்காம் வகுப்புப் பதிவேட்டில் முழுப் பக்கம் எழுதி வைத்தேன். ஒருவர் பேசினால் முதல் வாக்கியம் காதில் விழும், இரண்டாவது வாக்கியத்தில் நான் வேறெங்கோ இருப்பேன். படுத்தால் நெடுநேரம் தூக்கம் வராது, விடிந்தால் எழ முடியாது.

நான் சின்ன வயதிலிருந்தே கொஞ்சம் அப்படித்தான். குடையைத் தொலைப்பது, பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே பாய்வது, பரீட்சையில் கடைசிப் பக்கக் கேள்விகளைப் பார்க்காமலேயே எழுந்து வருவது. அம்மா என்னைக் காத்தாடி என்பாள். ஆனால் அடிவாரத்தில் வருடம் பூராவும் வெயில் உண்டு, எதையாவது தொலைத்தாலும் சமாளித்துக்கொண்டு ஓடிவிடுவேன். மலையில்தான் எனக்குள் இருந்தது இவ்வளவு பெரியது என்று தெரிந்தது.

மாசியில் வெயில் திரும்பியது. தார் ரோட்டோரம் படுதா விரித்து மிளகு காயப்போட்டிருந்தார்கள். ஒரு வாரத்தில் என் தலை தெளிந்தது. ஐப்பசியில் குழப்பி வைத்த பதிவேடுகளை ஒரே நாளில் உட்கார்ந்து சரிசெய்தேன். புது இடம், குளிர், உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். இரண்டாம் வருடமும் அதேபோல வந்தது, அதேபோலப் போனது. அந்த வருடம் உடம்பில் ரத்தம் குறைவு என்று சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் வருடக் கார்த்திகையில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

நான்கு நாளாக மூடுபனி விலகவில்லை. முந்தின நாள் மாலையிலிருந்து கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. சுவர்க் கடிகாரம் நின்று நான்கைந்து நாளாகியிருந்தது. அதற்கு பேட்டரி வாங்க வேண்டும் என்று தினமும் நினைத்தேன், தினமும் கடையைத் தாண்டிப் போனேன். எழுந்தபோது மணி ஆறா எட்டா என்று தெரியவில்லை. பாலை அடுப்பில் வைத்தேன். கணவருக்கு ஊசி போட்டேன். அதற்குள் பால் பொங்கி வழிந்தது. அதைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டம்மா வாசலில் நின்று கூப்பிட்டார். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர், மரவள்ளியும் மிளகும் போட்டிருக்கிறார்.

"டீச்சருங்க, இன்னைக்கு பஸ்ஸு வராதாமாங்க. கீழ எறங்கற ரோட்டுல மரம் உளுந்து கெடக்குதாமா."

என் பள்ளி நடந்து போகும் தூரம்தான், பஸ்ஸுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் நின்று பேசிக்கொண்டிருந்தேன். எந்த மரம், எப்போது விழுந்தது, யார் வெட்டுவார்கள் என்று எத்தனை நேரம் பேசினேனோ தெரியாது. உள்ளே வந்தபோது மேஜைமேல் மருந்துப் பெட்டி திறந்து கிடந்தது. ஐயோ, இன்னும் ஊசி போடவில்லையே என்று நினைத்தேன். மருந்தை ஏற்றிக்கொண்டு அவரிடம் போனேன்.

"இப்பத்தான போட்ட?" என்றார் கணவர்.

"இல்லீங்க, அது நேத்து."

"நேத்தா? பால் பொங்குச்சே, அதுக்கு முன்னால போட்டியே கண்ணு."

"அதெல்லாம் நேத்துங்க. இன்னைக்கு இன்னும் போடலீங்க. பெட்டி தொறந்தபடியே இருக்குது பாருங்க."

அவருக்குப் பெட்டி தெரியாது. கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி. நீ சொன்னாச் சரி" என்று சட்டையைத் தூக்கிக் காட்டினார். நான் இரண்டாவது முறையும் போட்டேன்.

அந்த நிமிடத்தில் எனக்கு ஒரு துளி சந்தேகம்கூட இல்லை. இதை எத்தனையோ பேரிடம் விளக்கிப் பார்த்துவிட்டேன், யாருக்கும் புரியவில்லை. சந்தேகம் இருந்திருந்தால் நிறுத்தியிருப்பேன். அவரிடம் வாதாடி ஜெயித்தேன். அவருக்கு இட்லி கொடுத்துவிட்டுப் பள்ளிக்குப் போனேன்.

பதினொரு மணி இருக்கும். வகுப்பில் கூட்டல் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டம்மா ஈரத் தலையோடு வாசற்படியில் வந்து நின்றார். ஓடி வந்திருக்கிறார், மூச்சு வாங்கியது.

"டீச்சருங்க, சித்த வெளிய வாங்க. ஐயா என்னமோ மாதிரி பேசறாருங்க. வேர்த்து ஊத்துது. என்னயப் பாத்து, கிளீனரு எங்க போனான்னு கேக்கறாருங்க."

கையில் சுண்ணக்கட்டியோடு நின்றேன். அப்போது, ஒரு முயற்சியும் இல்லாமல், அந்தக் காலை முழுதும் எனக்கு நினைவுக்கு வந்தது. பால் அடுப்பில் இருக்கிறது, நான் ஊசி போடுகிறேன், பால் பொங்குகிறது. பிறகு இன்னொரு ஊசி. இரண்டும் ஒரே காலை. என் கணவர் சொன்னது அத்தனையும் சரி.

வீட்டுக்கு ஓடினோம். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தார், சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. நான் சர்க்கரைத் தண்ணீர் கலக்கினேன், அவரால் விழுங்க முடியவில்லை. பக்கத்து வீட்டம்மா தன் வீட்டுக்குப் போய்த் தேன் கொண்டுவந்து, விரலில் தொட்டுத் தொட்டு அவர் கன்னத்துக்கு உள்ளே தடவினார். நான் அவர் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். அந்தம்மாவின் தம்பி ஜீப் வைத்திருந்தார். மலையிலேயே இருக்கும் ஆஸ்பத்திரிக்கு மரம் விழுந்த ரோட்டில் போக வேண்டியதில்லை. ஆனாலும் பனியில் பத்தடிக்கு முன்னால் ஒன்றும் தெரியவில்லை. ஜீப் நடக்கிற வேகத்தில் ஊர்ந்தது. இன்னும் கொஞ்சம் வேகமாகப் போகச் சொல்லத் தோன்றியது. எந்த வாயால் சொல்வது?

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டார். "காலைல எத்தன யூனிட் போட்டீங்க?"

"இருபத்தி நாலு."

"அதுக்குச் சர்க்கர இவ்வளவு எறங்காதே. சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டாருங்க." பிறகு சொன்னேன். "ரெண்டு தடவ போட்டுட்டனுங்க."

அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தார். உடனே குளுக்கோஸ் ஏற்றினார். கால் மணி நேரத்தில் கணவர் கண்ணைத் திறந்து, "எங்க இருக்கறோம் கண்ணு?" என்றார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஏற்றிய சர்க்கரை அன்று பூராவும் மறுபடி மறுபடி இறங்கியது, மணிக்கொருதரம் விரலில் குத்திப் பார்த்தார்கள். மறுநாள் ரோடு சரியானதும் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம்.

அங்கே சர்க்கரை டாக்டர் நடந்ததை முழுதாகக் கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. "இது மாதிரி வேற விஷயத்துலயும் நடக்குமாம்மா?" என்று கேட்டார். நான் சொல்லத் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு, சேலத்தில் ஒரு மனநல மருத்துவரின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

சேலத்து டாக்டர் என்னைவிட வயதில் சிறியவர். இரண்டு தடவை வரச்சொல்லி, ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் பேசினார். சின்ன வயதில் எப்படி இருந்தேன் என்று அம்மாவிடம் போனிலேயே கேட்டார். இரண்டாவது தடவைதான் சொன்னார். எனக்கு இருப்பது கவனக்குறைவுக் கோளாறு, சிறு வயதிலிருந்தே இருந்திருக்கிறது, யாரும் கண்டுபிடிக்கவில்லை. எனக்கு நாற்பத்திரண்டு வயது. என் வகுப்பில் ஓரிடத்தில் உட்கார முடியாத பிள்ளைகளுக்கு இது இருக்கலாம் என்று எங்களுக்கு ஒருநாள் பயிற்சிகூடக் கொடுத்திருக்கிறார்கள். பெரியவர்களுக்கு இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"ஆனா டாக்டர், வெயில் காலத்துல நான் வேற ஆளுங்க. பனி வந்தாத்தான் இப்படி ஆகறேன். அது எப்படீங்க?"

"பருவம்தான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. இந்தக் கோளாறு இருக்கறவங்கள்ல சில பேருக்கு வெளிச்சம் கொறயற மாசங்கள்ல தூக்க நேரம் தள்ளிப் போகுது, மனசும் சோர்ந்து போகுது. அதோட கவனமும் கெட்டுப் போகுது. சில பேருக்கு வெயில் காலத்துலதான் படபடப்பு ஜாஸ்தி. சில பேருக்கு வருஷம் பூரா ஒரே மாதிரிதான். உங்களுக்கு எப்படின்னு தெரியணும்னா ஒரு வருஷம் தெனமும் நோட்டுல எழுதுங்க. எத்தன மணிக்குத் தூங்குனீங்க, என்ன தவறுச்சு, வெயில் இருந்துதா. அவ்வளவுதான்."

மாத்திரை எழுதிக் கொடுத்தார். காலையில் எழுந்ததும் வெளிச்சத்தில் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார். எந்த வேலையானாலும் முடித்ததும் ஓர் அடையாளம் வைக்கச் சொன்னார். எல்லாம் நல்ல யோசனைதான். வெளிச்சமே இல்லாத மாதத்தில் வெளிச்சத்தில் எப்படி நடப்பது என்று கேட்டேன். பிரகாசமான விளக்கு ஒன்று வாங்கி அதன் முன்னால் உட்காரலாம் என்றார். வாங்கினோம். மழைக்காலத்தில் எங்களுக்குக் கரண்ட் இருப்பதே பாதி நாள்தான்.

மாத்திரை எனக்கு உதவியது என்பதைச் சொல்ல வேண்டும். தலைக்குள் ஒரே நேரத்தில் ஓடும் பத்து ரேடியோவில் ஏழு ரேடியோவை அணைத்த மாதிரி இருந்தது. ஆனால் அந்த மாத்திரை எல்லாக் கடையிலும் கிடைக்காது. மாதாமாதம் டாக்டரைப் பார்த்துப் புதிய சீட்டு வாங்கி, சேலத்தில் ஒரு கடையில் காட்டி வாங்க வேண்டும். அத்தனை கொண்டை ஊசி வளைவும் இறங்கி, பஸ் மாறி, ஒரு நாள் விடுப்பு எடுத்துப் போக வேண்டும். கோடையில் சரியான தேதிக்குப் போய் வந்தேன். ஐப்பசியில் ஒரு தடவை தேதி தவறியது. மாத்திரை தீர்ந்தது. மாத்திரை இல்லாததால் மாத்திரை வாங்கப் போக வேண்டும் என்பது நினைவில் நிற்கவில்லை. நினைவுக்கு வந்த அன்று மண் சரிந்து பஸ் ஓடவில்லை. கார்த்திகை பூராவும் அப்படியே போய்விட்டது.

நோட்டும் அதே கதைதான். பங்குனியிலிருந்து புரட்டாசி வரை ஒரு நாள் விடாமல் எழுதியிருந்தேன், கோடு போட்டு, இரண்டு நிறப் பேனாவில். ஐப்பசி நடுவில் நின்றுவிட்டது. தையில் டாக்டரைப் பார்க்கப் போனபோது வெட்கத்தோடு நீட்டினேன். அவர் எழுதியிருந்த பக்கங்களை வேகமாகத் தள்ளிவிட்டு, எழுதாத பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

"எனக்குத் தெரிய வேண்டியது இதுலயே இருக்குதும்மா" என்றார்.

தெரிந்துகொண்டு என்ன செய்வது? கீழே அடிவாரத்தில் இருந்தால் கொஞ்சம் நல்லது என்று டாக்டரும் நினைத்தார். பள்ளி மாறுதல் கேட்கலாம் என்று நானும் கணவரும் அந்தத் தை மாதத்தில் முடிவு செய்தோம். விண்ணப்பம் வைகாசியில்தான். வைகாசியில் நான் எப்படி இருந்தேன் என்றால், விடிகாலையில் எழுந்து, வடை சுட்டு, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, பள்ளித் தோட்டத்துக்கு வேலி கட்டப் போய்க்கொண்டிருந்தேன். கணவரே நினைவுபடுத்தினார்.

"மாறுதலுக்கு எழுதிப் போட்டியா?"

"எதுக்குங்க? இப்ப நல்லாத்தான இருக்கறேன். இந்தத் தடவ மாத்திரையச் சரியா வாங்கிப் போட்டுக்கறேன். இந்தப் புள்ளைங்கள உட்டுட்டு எங்க போறது?"

நான் சொன்னதை நான் நம்பினேன். தை மாதத்தில் அழுதுகொண்டு முடிவு செய்த பெண் யாரோ பெரிதுபடுத்திப் பேசுகிறவள் போலத் தோன்றினாள். விண்ணப்பத் தேதி முடிந்தது. ஐப்பசி வந்தது. இப்போது அந்தப் பெண்தான் நான். வைகாசியில் வேலி கட்டியவள்மேல் எனக்கு வருகிற ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

இரண்டு ஊசி போட்ட அந்தக் கார்த்திகைக்குப் பிறகு கணவருக்கு இன்சுலினைப் பேனா ஊசியாக மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். அடியில் இருக்கும் திருகுக் குமிழைத் திருப்பினால் ஒரு யூனிட்டுக்கு ஒரு டிக் சத்தம் வரும். பார்வை தேவையில்லை, காது போதும். அவர் எண்ணி எண்ணித் திருப்பித் தானே போட்டுக்கொள்கிறார். இது முன்பே தெரிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். ஆனால் ஊசியோடு இன்னும் பலவும் என் கையைவிட்டுப் போயின. கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று அவர் என்னிடம் கேட்பதில்லை. சுவரைத் தடவிக்கொண்டு சமையலறைக்கு வந்து, தானே குமிழைத் தொட்டுப் பார்க்கிறார். கதவுத் தாழ்ப்பாளும் அப்படித்தான். மகள் போன் செய்தால், டாக்டர் தேதி, கரண்ட் பில் எல்லாம் அவரிடம்தான் பேசுகிறாள். மாசியில் எனக்குத் தலை தெளிந்த பிறகும் இவை என்னிடம் திரும்பி வரவில்லை. நான் நன்றாக இருக்கும் மாதங்களிலும் அவர் சுவரைத் தடவிக்கொண்டுதான் வருகிறார். எந்த மாதம் நம்பலாம், எந்த மாதம் நம்பக்கூடாது என்று அவர் எப்படிக் கணக்கு வைத்துக்கொள்வார்?

இதை எழுதுவது இந்த வருடக் கார்த்திகையில். மாத்திரை இருக்கிறது, இந்தத் தடவை மகள் சேலத்துக்கு வந்து என்னோடு கூட இருந்து வாங்கிக் கொடுத்தாள். மாத்திரை இருந்தும் இந்த நான்கு பக்கத்தை எழுத எனக்குப் பதினோரு நாள் ஆகியிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு, இத்தனை வருடம் கேட்காததைக் கணவரிடம் கேட்டேன்.

"ஏனுங்க, உங்களுக்கு என்மேல கோவம் இருக்குதுங்களா?"

"எதுக்குக் கோவம்?"

"அன்னைக்கு நீங்க சொன்னதக் கேக்காம போட்டனே."

அவர் கை கழுவிய ஈரத்தைத் துண்டில் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார்.

"கோவமெல்லாம் இல்ல கண்ணு. பயமாத்தான் இருக்குது."

என்னைப் பற்றிய பயமா, தன்னைப் பற்றிய பயமா என்று நான் கேட்கவில்லை. இனிமேல் அப்படி நடக்காது என்று சொல்ல வாயெடுத்தேன். எதை வைத்து அப்படிச் சொல்வது என்று தெரியாமல் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

மறுநாள் காலையில் பள்ளிக்குக் கிளம்பினேன். எதிர் வேலி தெரியாத பனி. பக்கத்து வீட்டம்மா வாசலுக்கு வந்தார். கணவர் சொல்லித்தான் வருகிறாரா, அவராகவே வருகிறாரா என்று எனக்குத் தெரியாது. இந்த மாதங்களில் தினமும் வருகிறார்.

"டீச்சருங்க, அடுப்பு அணைச்சாச்சுங்களா?"

"அணைச்சாச்சுங்க."

"சரிங்க. நான் ஒருக்கா பாத்துட்டு வாரேனுங்க."

என்னைத் தாண்டி உள்ளே போனார். பையைத் தோளில் மாட்டியபடி நான் வாசலிலேயே நின்றேன். அணைத்தது இன்றைக்கா நேற்றா என்று எனக்கே தெரியவில்லை. சற்று நேரத்தில் அவர் வெளியே வந்தார்.

"அணைஞ்சுதான் இருக்குதுங்க. நீங்க போயிட்டு வாங்க."